ஏத்தங்காய் சிப்ஸும் தேங்காய் எண்ணெயும் மாதச் சந்தாவில்: வூகாமர்ஸ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் எப்படி?

மார்த்தாண்டம் தேன், ஈத்தாமொழித் தேங்காயில் ஆட்டிய எண்ணெய், சுக்குக் கருப்பட்டி, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ். குமரி மாவட்டத்திலிருந்து ஆன்லைனில் போகும் சரக்கில் இவையெல்லாம் தீரத் தீர வாங்குபவை. வாட்ஸ்அப்பில் "எண்ணெய் தீர்ந்திருக்குமே, அனுப்பட்டுமா?" என்று மாதாமாதம் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதில், சந்தாவாகவே பதிந்து தானாக ஆர்டர் விழ வைக்கலாம். வேர்ட்பிரஸில் கடை வைத்திருப்பவர்கள் இதற்குப் பெரும்பாலும் எடுப்பது வூகாமர்ஸ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் வூகாமர்ஸோடு சேர்த்துப் போடும் கட்டண பிளகின் (கூடுதல் மென்பொருள்) இது. ஆண்டுக் கட்டணம் டாலரில். புதுப்பிக்காமல் விட்டாலும் பிளகின் ஓடும், அப்டேட்டும் உதவியும் வராது. பணம் சம்பந்தப்பட்ட பிளகினை அப்படி ஓட்டக் கூடாது.

யாருக்கு எந்தத் தேதியில் என்ன போக வேண்டும், யார் நிறுத்தி வைத்திருக்கிறார், யாருடைய பணம் வரவில்லை என்ற கணக்கை இது பிசகாமல் வைத்துக்கொள்ளும். பணம் வசூலிப்பது வேறு கதை. அது பேமெண்ட் கேட்வே (ரேசர்பே போல ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை), வங்கி, ரிசர்வ் வங்கி விதி மூன்றையும் பொறுத்தது. பிளகின் மேல் வரும் குறைகளில் பல உண்மையில் இந்த இடத்துக் குறைகள்தான்.

முதலில் அந்த விதி. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் ஒருமுறை ஓடிபி கொடுத்து மாண்டேட் (தானாக எடுப்பதற்கான முன் ஒப்புதல்) பதிய வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அவருக்கு அறிவிப்பு போக வேண்டும். ஓடிபி இல்லாமல் எடுக்கும் உச்சவரம்பு அப்போது ₹5,000 ஆக இருந்தது, 2022 ஜூனில் ₹15,000 ஆனது. சிப்ஸ், எண்ணெய் வியாபாரத்துக்கு இந்த வரம்பு தாராளம். ஆனால் எல்லா வங்கியின் கார்டும் மாண்டேட் ஏற்பதில்லை. நம் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு யூபிஐ செயலியிலேயே மாண்டேட் பதியும் யூபிஐ ஆட்டோபேதான் சுலபம். அதிலும் 2025 ஆகஸ்ட் 1 முதல் நேரக் கட்டுப்பாடு உண்டு: காலை 10 மணிக்கு முன், பகல் 1 முதல் 5 வரை, இரவு 9.30-க்குப் பின். இந்த நேரங்களில்தான் பணம் எடுக்கப்படும். ஒரு முயற்சி தவறினால் இன்னும் மூன்று முறை, அவ்வளவுதான்.

இங்கேதான் பிளகினோடு முதல் உரசல். ஒருவர் காலை 11 மணிக்குச் சந்தா போட்டால், அடுத்த மாதமும் அதே 11 மணிக்குத்தான் பிளகின் புதுப்பிப்பு ஆர்டரை, அதாவது அந்த மாதத்துக்கான ஆர்டரை, உருவாக்கும். யூபிஐயில் பணம் அப்போது நகராது, பிற்பகல்வரை ஆர்டர் தொங்கிக்கொண்டிருக்கும். "பணம் போகவில்லை" என்று நினைத்து ஆர்டரைக் கையால் கேன்சல் செய்துவிட்டு, சாயங்காலம் பணம் வந்ததும் முழிக்காதீர்கள். அன்றைய கணக்கை மறுநாள் காலையில் பார்ப்பதே சரி. பணம் வராவிட்டால் தானாக மீண்டும் முயலும் வசதி பிளகினில் இருக்கிறது. இயல்பு அமைப்பில் 12, 12, 24, 48, 72 மணி இடைவெளியில் ஐந்து முறை, மொத்தம் ஏழு நாள். நான்குக்கு மேல் போகாத யூபிஐயோடு இந்த ஐந்து பொருந்தாது. உங்கள் கேட்வே இதை எப்படிக் கையாளுகிறது என்று கேட்டு, தேவையானால் அந்த வசதியை அணைத்துவிட்டுக் கேட்வேயின் மறுமுயற்சியையே நம்புங்கள். உதாரணமாக ரேசர்பேயில் கார்டு சந்தா தொடர்ந்து தவறினால் 'ஹால்டட்' என்ற நிலைக்குப் போய்விடும். அதன்பின் இன்வாய்ஸ் வரும், பணம் எடுக்கும் முயற்சி நடக்காது. கடைப் பக்கத்தில் அந்தச் சந்தா இன்னும் 'ஆக்டிவ்' என்று காட்டினால் வெப்ஹூக் (கேட்வே கடைக்குத் தானாகத் தகவல் அனுப்பும் இணைப்பு) சரியாக இணைக்கப்படவில்லை என்று பொருள்.

கேட்வே தேர்வில் ஒரே ஒரு கேள்வி முக்கியம்: தேதியைக் கையில் வைத்திருப்பது யார்? சில கேட்வேக்களில் பிளகின் சொல்லும்போது பணம் எடுக்கப்படும். சிலவற்றில் கேட்வேயே தன் அட்டவணைப்படி எடுத்துவிட்டு, பிளகினுக்குத் தகவல் மட்டும் சொல்லும். இரண்டாவது வகையில் தொகையை மாற்றுவது, தேதியை மாற்றுவது போன்ற வசதிகள் திரையில் இருந்தாலும் பலிக்காது. வாங்குவதற்கு முன்பே கேட்வேயின் ஆவணத்தில் 'தொகை மாற்றம்', 'தேதி மாற்றம்' இரண்டும் உண்டா என்று பாருங்கள்.

தொகை மாற்றத்தை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடையில் பொருளின் விலையை ஏற்றினால் புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டுமே புது விலை. ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள், சேர்ந்த நாள் விலையிலேயே தொடர்வார்கள். இது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மென்பொருள் விற்கிறவனுக்கு அது சரி. தேங்காய் எண்ணெய் விற்கிறவனுக்கு? 2024-25-ல் கொப்பரை விலை ஏறிய ஏற்றம் ஞாபகம் இருக்கும். லிட்டர் ₹280-க்குச் சேர்ந்த 60 பேர் இருக்கிறார்கள், விலை ₹450 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ₹10,200 கையிலிருந்து போகும், அதுவும் கல்லாவில் பணம் வந்துகொண்டே இருப்பதால் சீக்கிரம் கண்ணில் படாது. திருத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு சந்தாவையும் திறந்து, பொருள் வரியில் பென்சில் குறியை அமுக்கி, தொகையை மாற்றி, 'ரீகால்குலேட்' கொடுத்துச் சேமிக்க வேண்டும். 60 முறை. அதற்குப் பிறகும், வாடிக்கையாளர் பதிந்த மாண்டேட்டின் உச்சத் தொகை ₹300 என்றால் ₹450 எடுக்க முடியாது, அவர் புதிதாக ஒப்புதல் தர வேண்டும். ஆகவே மாண்டேட் பதியும்போதே உச்சத் தொகையை இன்றைய விலையைவிடத் தாராளமாக வையுங்கள், கேட்வே அனுமதித்தால். ஏன் என்று பொருள் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் உச்சத் தொகை ₹800 என்று போனில் பார்த்ததும் பின்வாங்கிவிடுவார்கள். எண்ணெய், கருப்பட்டி இரண்டுக்கும் காலவரம்பில்லாத சந்தா வேண்டாம். மூன்று அல்லது ஆறு மாதத்தில் முடியும்படி வைத்தால், பிறகு பொருள் பக்கத்தில் புதிதாகச் சேரும்போது புது விலை வந்துவிடும்.

ஸ்டாக் விஷயத்தில் பிளகினுக்கு முன்யோசனை கிடையாது. புதுப்பிப்பு விழும்போதுதான் ஸ்டாக் குறையும், வரப்போகும் மாதங்களுக்கு ஒதுக்கி வைக்காது. ஸ்டாக் பூஜ்யமாக இருந்தாலும் பணம் எடுக்கப்பட்டுவிடும். ரப்பர் தோட்டத்துத் தேன் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் கிடைப்பது, சந்தா பன்னிரண்டு மாதமும் ஓடுவது. 40 பேருக்கு மாதம் அரைக் கிலோ என்றால் ஆண்டுக்கு 240 கிலோ. தேன் எடுக்கும் காலத்திலேயே அதைத் தனி எஸ்கேயூவாக (ஸ்டாக் கணக்கில் தனிப் பொருள் எண்ணாக) பிரித்து வைக்காவிட்டால் தீபாவளி நேரத்துச் சில்லறை ஆர்டர்கள் அதைத் தின்றுவிடும். கருப்பட்டிக்கு வேறு தொல்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, ஈரத்தில் நீர்த்துவிடும். மழை மாதங்களில் காற்றுப் புகாத பையில் போட முடியாதென்றால் அந்த மாதங்களில் சந்தாவை நிறுத்தி வைப்பது மேல். மட்டி வாழைப்பழத்தைக் கூரியர் சந்தாவில் சேர்க்கவே வேண்டாம்.

சிப்ஸுக்குத்தான் இந்தப் பிளகின் உண்மையிலேயே கை கொடுக்கிறது. 'சிங்க்ரனைஸ் ரினியூவல்ஸ்' என்ற வசதியை இயக்கினால், எவர் எப்போது சேர்ந்தாலும் புதுப்பிப்பு ஒரே நாளில் விழும். மாதத்தில் 5-ஆம் தேதி நல்ல நாள்: சம்பளம் வந்திருக்கும், மாதக் கடைசியைப் போல 'பேலன்ஸ் இல்லை' என்று திரும்புவது குறையும். 6-ஆம் தேதி காலையில் பணம் வந்த ஆர்டர்களை எண்ணி, அத்தனைக்கு மட்டும் காய் சீவிப் பொரித்தால் சரக்கு தேங்காது, காறல் வாடையும் வராது. நடு மாதத்தில் சேருபவரிடம் முதல் தவணையில் என்ன வாங்குவது என்று பிளகின் கேட்கும். நாள் கணக்குப்படி தொகையைப் பிரிப்பது சிப்ஸ் பாக்கெட்டுக்கு அர்த்தமில்லாதது, முழுத் தொகையே வாங்கி உடனே ஒரு பாக்கெட் அனுப்பிவிடுங்கள். இன்னொன்று: '4 வாரத்துக்கு ஒருமுறை' என்றால் ஆண்டுக்கு 13, 'மாதம் ஒருமுறை' என்றால் 12. இரண்டும் ஒன்றென்று நினைத்து விலை போட்டுவிடாதீர்கள்.

"இந்த மாசம் வேண்டாம்" என்பார்கள் வாடிக்கையாளர்கள். ஒரு தவணையை மட்டும் தாண்டிவிடும் பொத்தான் இயல்பாக இல்லை. நிறுத்தி வைக்கலாம், திரும்ப அவரே இயக்க வேண்டும். மறந்துவிடுவார்கள். நிறுத்தி வைத்தவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை பார்த்துப் போன் செய்வது உங்கள் வேலை.

சின்னக் கடைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு: புதுப்பிப்பே நடக்காமல் போவது. வேர்ட்பிரஸின் உள் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி), யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ராத்திரி முழுக்க ஆள் வராத கடையில் வேலைகள் குவிந்து கிடக்கும். 'ஸ்டேட்டஸ்' பக்கத்தில் 'ஷெட்யூல்டு ஆக்ஷன்ஸ்' திறந்து, நேரம் கடந்தவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் உள் கிரானை அணைத்துவிட்டு, ஹோஸ்டிங்கின் நிர்வாகப் பக்கமான சிபேனலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் கிரானைப் போடுங்கள். டொமைன் மாற்றும்போதும் கவனம் வேண்டும். முகவரி மாறியதைக் கண்டதும், இது நகல் தளமோ என்று சந்தேகப்பட்டுப் பிளகின் தானியங்கி வசூலை நிறுத்திவிடும். மேலே ஒரு அறிவிப்பு வரும், அதில் தானியங்கி வசூலை மீண்டும் இயக்கச் சொல்லும்வரை எல்லாச் சந்தாவும் கைமுறையாகவே, அதாவது வாடிக்கையாளரே ஒவ்வொரு முறையும் கட்டும்படி, நடக்கும்.

கேஷ் ஆன் டெலிவரி இதில் கைமுறைப் புதுப்பிப்பாகத்தான் நடக்கும். ஆர்டர் உருவாகும், வாடிக்கையாளர் வந்து உறுதி செய்ய வேண்டும். 20, 30 பேர்வரை இதுவே போதும். காத்திருக்கும் ஆர்டரைத் திறந்தால் பணம் கட்டும் பக்கத்துக்கான இணைப்பு இருக்கும், அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஜிபேயில் கட்டிவிடுவார்கள். வேர்ட்பிரஸுக்குப் பதில் ஷாப்பிஃபையில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதன் சொந்தக் கேட்வேயான ஷாப்பிஃபை பேமெண்ட்ஸ் இந்தியாவில் இல்லாததால் அங்கே சந்தாவுக்கான வழிகள் இன்னும் குறுகல். களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கு ஒரு பாட்டில் எண்ணெய் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை, விற்றுமுதல் எவ்வளவு குறைவென்றாலும் ஜிஎஸ்டி பதிவு தேவை என்பதையும் சந்தா திறப்பதற்கு முன் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

பிளகினை வாங்கினால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க முடியும். அந்த நாட்களை வீணாக்க வேண்டாம். ₹10 விலையில் வாரச் சந்தா ஒன்றைப் போட்டு, உங்கள் கார்டிலும் யூபிஐயிலும் சேருங்கள். முதல் வாரம் பணம் போவது சோதனையே இல்லை, அப்போது நீங்களே ஒப்புதல் தருகிறீர்கள். இரண்டாம் வாரம் யாரும் தொடாமல் போகிறதா, முந்தைய நாள் அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வாரம் கணக்கைக் காலியாக்கி வைத்துவிட்டு, கடைக்கு என்ன தகவல் வருகிறது, சந்தா எந்த நிலைக்குப் போகிறது, பணம் போட்ட பிறகு தானாக எழுகிறதா என்று பாருங்கள். நாலாவது வாரம் அந்தச் சந்தாவின் தொகையை ₹12 ஆக மாற்றிப் பாருங்கள்.