வடாம் காயும் வெயிலில் ஒரு காட்டேரி வேட்டை

வேலூர் வெயிலை வேலூர்க்காரர்களே புகழ்ந்து நான் கேட்டதில்லை. நான் புகழ்வேன். என்னிடம் இருக்கும் ஒரு வீடியோ கேம் அந்த வெயிலைக் குடித்துத்தான் ஓடுகிறது.

2012-ல் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா மகன், தன் பழைய கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி என்ற நின்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியையும், அதில் செருகி ஆடும் கேட்ரிட்ஜ்களை ஒரு பிஸ்கட் டப்பா நிறையவும் என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். திருமணம் நிச்சயமாகியிருந்தது, அதனால் பெருந்தன்மை. டப்பாவின் மேல்பாதியில் மரியோ, போக்கிமான் வகையறா. அவற்றைப் பற்றி எழுத ஆள் பஞ்சமே இல்லை. அடியில் மூன்று கேட்ரிட்ஜ்கள் கிடந்தன. மூன்றுமே பெயர் கேள்விப்படாதவை. ஆண்டுகள் ஓடிவிட்டன. மேல்பாதியைத் தங்கை பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அடியில் கிடந்த மூன்றும் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கின்றன, வாரம் ஒருமுறையாவது கைக்கு வருகின்றன.

முதலாவது 'போக்தாய்'. கொனாமி நிறுவனம் 2003-ல் வெளியிட்டது. தயாரிப்பாளர் ஹிதேயோ கொஜிமா, 'மெட்டல் கியர் சாலிட்' தொடரால் உலகப் புகழ் பெற்றவர். அப்படிப்பட்டவரின் பெயர் இருந்தும் இந்த விளையாட்டை நம் ஊரில் பத்துப் பேர் அறிந்திருந்தால் அதிகம். ஜப்பானியப் பெயரின் பொருள் 'நம் சூரியன்'. கேட்ரிட்ஜ் மற்றவற்றைவிட நீளம். செருகினாலும் ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முனையில் இருப்பது வெயிலை அளக்கும் சென்சார்.

கதை எளிமையானது. ஜாங்கோ என்ற சிறுவன், கையில் சூரியத் துப்பாக்கி, ஊரெல்லாம் இரத்தக் காட்டேரிகள். துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது, சூரிய ஒளிதான். நாம் நிஜ வெயிலில் நின்றால் திரையிலும் வெயில் அடிக்கும், துப்பாக்கி நிரம்பும். நிழலுக்கு நகர்ந்தால் அளவுகோல் ஒவ்வொரு கட்டமாக இறங்கும். தொடங்கும்போதே நாள், நேரம் எல்லாம் கேட்டுக்கொள்ளும். நம் ஊரில் இரவானால் விளையாட்டிலும் இரவு.

முதல் நாள் இதை நான் நம்பவில்லை. டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன், அசையவில்லை. எல்இடி டார்ச் அடித்தேன், அதற்கும் மசியவில்லை. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தபோது ஏதோ பிச்சை போட்டதுபோல் கொஞ்சம் ஏறியது. மொட்டை மாடிக்குப் போனேன். ஏப்ரல் மாதம், பகல் பதினொரு மணி. அளவுகோல் ஒரே மூச்சில் உச்சிக்குப் போய் நின்றது.

அன்று மாடியில் அம்மா வடாம் பிழிந்து காயவைத்திருந்தார். "சும்மாதானே நிற்கிறாய், காக்கை வராமல் பார்த்துக்கொள்" என்றார். அந்தக் கோடை முழுக்க எனக்கு அதுவே உத்தியோகம். ஒரு கையால் காக்கை விரட்டுவேன், மறு கையால் காட்டேரி வேட்டை. வடாமுக்கும் ஜாங்கோவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வெயில் வேண்டும் என்பதால் எங்களுக்குள் பிணக்கே வரவில்லை.

இந்த விளையாட்டின் உயிர் அதன் சண்டையில் இல்லை, சண்டைக்குப் பிறகு வருவதில் இருக்கிறது. பாதாளக் கோட்டையின் அடியில் காட்டேரித் தலைவனை வீழ்த்தியதும் கதை முடிந்தது என்று மூச்சுவிட முடியாது. அவனைச் சவப்பெட்டியில் அடைத்து, சங்கிலி போட்டு, வந்த வழியெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். உள்ளே அவன் உதைத்துப் புரளுவான். கோட்டை வாசலில் ஒரு பெரிய யந்திரத்தில் பெட்டியை ஏற்றி, சுற்றிலும் உள்ள மின்னாக்கிகளுக்கு ஒளி ஊட்டி, அவனைப் பொசுக்க வேண்டும். இந்தக் கட்டத்துக்கு நிஜ வெயில் வேண்டும், கணிசமாக வேண்டும். சேமித்து வைத்த ஒளி ஓரளவுதான் தாங்கும்.

2015 நவம்பரில் நான் வேலைக்காகச் சென்னையில் இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு கஷ்டப்பட்டு ஒரு தலைவனை வீழ்த்திப் பெட்டியை வாசல்வரை இழுத்து வந்துவிட்டேன். காலையில் பொசுக்கிவிடலாம் என்று படுத்தேன். அந்த மாதமும் அடுத்த மாதத் தொடக்கமும் சென்னைக்கு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்து, மின்சாரம் வந்து, ஊர் ஒருவாறு நிமிர்ந்த பிறகுதான் கன்சோலைக் கையில் எடுத்தேன். பெட்டி அதே இடத்தில் கிடந்தது. அன்று மாடியில் எல்லாக் கொடிகளிலும் ஈரப் பாயும் போர்வையும் தொங்கின. அவற்றுக்கு நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து நின்று அவனைப் பொசுக்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் நான் செல்போன் சிக்னல் தேடுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பார்வை சாய்கோணம், ஆகவே நடப்பதெல்லாம் மூலைவாட்டில். அரை மணி நேரத்தில் இடது கட்டைவிரல் கெஞ்சும். பெட்டி தள்ளும் புதிர்கள் பாதிக்குமேல் சலிப்பு. சுவரைத் தட்டி எதிரியைத் திசைதிருப்பி நழுவும் மறைந்தாடல் நன்றாகவே இருக்கிறது, கொஜிமாவின் கைரேகை தெரியும் இடம் அது. ஆனால் அதைத் தேவைக்கு அதிகமாகச் செய்ய வைக்கிறார்கள். எஸ்பி மாடலில் கேட்ரிட்ஜ் செருகும் இடம் கீழ்விளிம்பில் இருப்பதால் சென்சார் நம் வயிற்றுப் பக்கம் வந்துவிடுகிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலே நமக்குப் பகை. 2001-ல் வந்த பழைய அட்வான்ஸில் அது மேல்விளிம்பில் இருந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

திரை விஷயத்தில் ஒரு வேடிக்கை. அந்த முதல் மாடலுக்கு விளக்கே கிடையாது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று உலகமே திட்டியது. போக்தாய்க்கு அதுதான் ஆகச் சிறந்த திரை, வெயில் படப்படப் படம் துலங்கும். என் எஸ்பி முன்பக்க விளக்கு உள்ள ரகம், விளக்கை அணைத்துவிட்டு ஆடலாம். பின்னால் வந்த, பின்பக்க ஒளி கொண்ட எஸ்பிக்குத்தான் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுக்கிறார்கள். நண்பர் ஒருவரிடம் அது இருக்கிறது. மாடியில் அதன் திரை வெளிறி, அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தார். துண்டு போட்டால் சென்சாருக்கு வெயில் போகவில்லை.

ஏழாம் ஆண்டில் கேட்ரிட்ஜுக்குள் இருந்த கடிகாரம் நின்றது. உள்ளே ஒரு பொத்தான் பேட்டரி உண்டு, அது தீர்ந்துவிட்டது. சேமித்த ஆட்டம் அதை நம்பி இல்லாததால் பிழைத்தது. மூடியைக் கழற்ற மூன்று இதழ் திருப்புளி வேண்டும். சாதாரணத் திருப்புளியால் முயன்று திருகாணியின் தலையை மழித்துவிடாதீர்கள், நான் ஒன்றை மழித்தேன். கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் புதிய பேட்டரியைப் பற்றவைத்துக் கொடுத்தார். "இதற்குள் எதற்கப்பா கடிகாரம்?" என்று கேட்டார். காட்டேரி என்று ஆரம்பித்தேன், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது கேட்ரிட்ஜ் 'வாரியோவேர்: ட்விஸ்டட்'. ஜப்பானில் 2004, அமெரிக்காவில் 2005. ஐரோப்பாவில் வெளிவரவே இல்லை. இதற்குள் இருப்பது சுழற்சியை உணரும் கைரோ சென்சார். சில விநாடிகளே நீடிக்கும் குட்டி ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாயும், பெரும்பாலானவற்றைக் கன்சோலையே திருகி ஆட வேண்டும். செல்போனைச் சாய்த்து ஆடும் விளையாட்டுகள் இன்று மலிந்துவிட்டன, ஆகவே இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். கேட்ரிட்ஜுக்குள் அதிர்வும் இருக்கிறது. திருகத் திருகப் பல்சக்கரம் நகர்வதுபோல் விரலில் நறநறக்கும். நான் தொட்ட எந்தச் செல்போன் விளையாட்டிலும் அது வாய்க்கவில்லை. விளையாட்டுக்குள் பரிசாகக் கிடைக்கும் பொம்மைகளும் அப்படியே. ஒன்றுக்கும் உதவாதவை, ஆனால் திருகிக்கொண்டே இருக்கத் தோன்றும்.

ஏலகிரி மலையேறும் பஸ்ஸில் இதை மடியில் வைத்து ஆடாதீர்கள். 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடிக்க, வாரியோவும் கூடவே திரும்புகிறான். நான் கையைக்கூட அசைக்காமல் இரண்டு ஆட்டங்களில் ஜெயித்தேன், ஒன்பதில் தோற்றேன்.

மூன்றாவது 'டிரில் டோசர்'. போக்கிமானைப் படைத்த கேம் ஃப்ரீக் நிறுவனமே 2005-ல் செய்தது. அண்ணன் புகழில் தம்பி காணாமல் போனான் என்பார்களே, அந்தக் கதை. ஜில் என்ற சிறுமி ஒரு துளைப்பான் வண்டியில் ஏறிச் சுவர், பாறை, எதிரி எல்லாவற்றையும் குடைகிறாள். வலது பொத்தான் ஒரு திசையில் துளைக்கும், இடது பொத்தான் எதிர்த்திசையில். கியர் மாற்றினால் வேகம் கூடும், கேட்ரிட்ஜ் கையில் உறுமும். அவ்வளவுதான், நேர்த்தியான விளையாட்டு. குறை சொல்லத் தேடினால் கதைப் பேச்சு நீளம்.

வரவேற்பறை டிவியில் ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு: நின்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோலுக்கு அடியில் மாட்டும் 'கேம்பாய் பிளேயர்' என்ற கருவி 2003-ல் வந்தது. நண்பர் வீட்டில் அதில் முயன்றோம். டிரில் டோசர் படம் பெரிதாக அழகாகத் தெரிந்தது. வாரியோவுக்கு முழுக் கேம்க்யூபையும் இரண்டு கையால் தூக்கித் திருக வேண்டியிருந்தது. ஒயர் இழுபட்டு டிவி ஆடியதும் நண்பரின் மனைவி ஆட்டத்தை முடித்துவைத்தார். போக்தாய்? டிவி மேசைக்கடியில் ஏது வெயில்.

அதே கேம்க்யூபில் அவர் காட்டிய 'ஓடாமா' இந்த வரிசைக்குச் சொந்தக்காரன். 2006-ல் வந்தது. ஜப்பானியப் போர்க்களத்தையே உருண்டையைத் தட்டி ஆடும் பின்பால் பலகையாக்கி, மைக்கில் குரல் கொடுத்துப் படையை நடத்தும் விளையாட்டு. உருளும் ராட்சத உருண்டை எதிரியை மட்டுமல்ல, நம் வீரர்களையும் நசுக்கும். நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆங்கிலத்தில் கட்டளையிட்டோம். எங்கள் உச்சரிப்பு அந்தப் படைக்குப் பாதிநேரம் புரியவில்லை. "வலப்பக்கம் போ" என்றால் நின்று வேடிக்கை பார்த்தார்கள், உருண்டை வந்து தேய்த்துவிட்டுப் போனது. நண்பர் இதைக் குப்பை என்கிறார். நான் அவரைவிட இரண்டு இரவு அதிகம் ஆடியிருக்கிறேன்.

இவற்றையெல்லாம் கணினியில் எமுலேட்டர், அதாவது கன்சோலைப்போல் நடிக்கும் மென்பொருள், போட்டு இலவசமாக ஆடலாமே என்று மருமகன் சொல்வான். ஆடலாம். எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரில் போக்தாய்க்கென்றே வெயிலைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருக்கிறது. நள்ளிரவில் போர்வைக்குள் படுத்தபடி ஒரு பொத்தானில் உச்சி வெயில் கொண்டுவந்தேன். காட்டேரி பொசுங்கியது. அடுத்தவனையும் அப்படியே. மூன்றாவதாக ஒருவனைப் பெட்டியில் அடைத்தபோது, இழுத்து வருவது வெறும் கூலி வேலையாகத் தோன்றி மூடிவைத்தேன். வெயில் வருமா வராதா என்ற கவலை போனதும் அந்தச் சவப்பெட்டிக்குக் கனமே இல்லாமல் போயிற்று.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போக்தாயின் இரண்டாம் பாகத்தை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கி ஏமாந்தேன். அட்டைப்படம் அச்சு அசல், விளையாட்டும் திறந்தது. மே மாத வெயிலில் நின்றும் அளவுகோல் அசையவில்லை. நகல் கேட்ரிட்ஜ், சென்சாரே இல்லை. படத்தில் கேட்ரிட்ஜ் சாதாரண நீளத்தில் இருந்தால் அங்கேயே நகர்ந்துவிடுங்கள். நின்டெண்டோவின் டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு இதே தொடரில் 'லூனார் நைட்ஸ்' என்று பின்னால் ஒன்று வந்தது. அதில் வானிலை முழுக்க விளையாட்டுக்குள்ளேயே நடக்கும். டிஎஸ்ஸின் அடியில் உள்ள செருகியில் போக்தாய் கேட்ரிட்ஜைப் போட்டால்தான் நிஜ வெயில் சேரும். சுவையான விளையாட்டு, மாடிக்குத் துரத்தாத விளையாட்டு.

போக்தாயின் மூன்றாம் பாகம் 2005-ல் ஜப்பானில் மட்டும் வெளியானது. கேம்பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ்களுக்கு ஒரு நாட்டுக் கேட்ரிட்ஜ் அந்த நாட்டுக் கன்சோலில்தான் ஓடும் என்ற நாட்டுப் பூட்டு கிடையாது என்பதால் என் எஸ்பியிலும் ஓடும். பல ஆண்டு தயங்கிவிட்டுப் போன மாதம்தான் வரவழைத்தேன். உறையைப் பிரித்து முதலில் பார்த்தது நீளத்தை, முனை துருத்திக்கொண்டிருந்தது. ஒரு சொல் ஜப்பானிய மொழி தெரியாது, பரவாயில்லை. கேட்ரிட்ஜைச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். கதவைத் திறந்தால் தூறல். அம்மா வடாம் தட்டுகளை அவசரமாக உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார். கன்சோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நானும் ஒரு தட்டைத் தூக்கினேன்.