ஐகாம் ஐசி-7300: மலையில் உட்கார்ந்து படகுக்காரனோடு பேச

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். கப்பல்களின் ஆபத்து அலைவரிசையான 500 கிலோஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணிக்கும் 15 முதல் 18 நிமிடம் வரை, மறுபடி 45 முதல் 48 வரை, வாயை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருப்போம். யாராவது எஸ்.ஓ.எஸ். அடித்தால் கேட்க வேண்டுமே! 1999-இல் ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்ற தானியங்கி ஆபத்து அழைப்பு முறை முழுசாக வந்தது, எங்கள் வேலை போனது. இப்போது கொடைக்கானலில், வில்பட்டிப் பக்கம் வீடு. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் மட்டும் கையில் இருக்கிறது. இன்னொரு ஹாமிடமிருந்து இந்த ஐசி-7300 ரேடியோ செட்டைப் பழையதாக வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

காசு கொடுத்தது அந்தத் திரைக்குத்தான் என்பேன். பழைய செட்டில் குமிழைத் திருகித் திருகித் தேட வேண்டும். இதில் பேண்டில் (அலைவரிசைப் பட்டையில்) யார் எங்கே பேசினாலும் கோடு கோடாக விழுகிறது. ஒரு சாயங்காலம் 14.300 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே நூல் மாதிரி ஒரு கோடு. இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகளுக்கு மேற்கே பாய்மரப் படகில் தனியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர். கால்சைனுக்கு (ஹாமின் அடையாளக் குறிக்கு) பின்னால் 'மாரிடைம் மொபைல்', அதாவது கடலில் இருந்து பேசுகிறேன், என்று சேர்த்துச் சொன்னார். காற்று, பாய், பேட்டரி எல்லாம் பேசி முடித்த பிறகு, கொச்சியில் வாங்கிய கடுகை என்ன செய்வது என்று கேட்டார். எலுமிச்சை சாதம் சொல்லிக்கொடுத்தேன்.

"மலை மேல இருக்கீங்க, நல்லா எடுக்குமே" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நேர்கோட்டில் போகும் வி.எச்.எஃப். அலை என்றால் சரி. 14 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகிறது, அதற்கு என் ஏழாயிரம் அடி ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பிரெஞ்சுக்காரர் படகில் பாய்மரத்தைப் பின்னால் இழுத்துக் கட்டும் கம்பிதான் ஆன்டெனா, கீழே உப்புத் தண்ணீர். அதைவிட நல்ல எர்த் எனக்கு எங்கே கிடைக்கும்? இங்கே அப்சர்வேட்டரியில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். கரும்புள்ளி அதிகமான வருடங்களில் உயர் பேண்டுகள் நன்றாகத் திறக்கும், 2024 அப்படிப்பட்ட வருடம். ஆகவே செட்டுக்கு நான் போடும் மார்க்கில் பாதி சூரியனுக்குச் சேர வேண்டும்.

படகுக்கு வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். 100 வாட் முழுசாக அனுப்பும்போது 21 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்டுக்கொண்டிருந்தால் ஓர் ஆம்பியர் சொச்சம். ஆன்டெனாவைச் செட்டோடு பொருத்த உள்ளே இருக்கும் ட்யூனர் 3:1 எஸ்.டபிள்யூ.ஆர். (பொருந்தாமையின் அளவு) வரைதான் சமாளிக்கும், பாய்மரக் கம்பிக்குத் தனி ட்யூனர் வேண்டும். அப்புறம், இது ஹாம் செட். கடல் சேனல்களும் சேர்த்து வேண்டுமென்றால் அதே கம்பெனியின் கப்பல் ரேடியோக்கள் பக்கம் போங்கள். வானிலை ஃபைலை ரேடியோ வழியே ஈமெயிலில் இறக்குவதற்கு மட்டும் 7300 சௌகரியம். கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரே ஒரு யு.எஸ்.பி. வயர் போதும்.

என் ஆன்டெனா இரண்டு தைல மரத்துக்கு நடுவே கட்டிய பத்து மீட்டர் கம்பி. போன மாதம் ராத்திரி ஒரு காட்டுமாடு கேபிளைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. செட் மேசையிலிருந்து விழவில்லை, பிளக் கழன்றுகொண்டது. மீதிக் கேபிளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.