கிறிஸ்துமஸுக்குப் பரிசா, உதவியா? உதவி என்றால் பொருளா, பணமா?

டிசம்பர் நெருங்கினாலே எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவருக்கொருவர் பரிசு வாங்குவதை விட்டுவிட்டு, அந்தக் காசில் கஷ்டப்படுகிற ஒரு குடும்பத்துக்கு ஏதாவது செய்யலாமே என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, எப்படிச் செய்வது என்பதில்தான் இழுபறி. பல விதமாகவும் செய்து பார்த்துவிட்டதால் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் பரிசுப் பரிமாற்றம். பெரியவர்களுக்குள் இது பெரும்பாலும் பண்டமாற்றுதான்: நான் உனக்கொரு சட்டை, நீ எனக்கொரு பை. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் மாணவர்களிடம் விசாரித்து 1993-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, வாங்கிக்கொள்பவர் கண்ணில் மதிப்பே இல்லாமல் போகிறதாம். அன்பின் மதிப்பை அவர் அதில் சேர்க்கவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் குழந்தைகளின் பரிசில் மட்டும் கை வைக்காதீர்கள். பெரியவர்கள் எடுத்த முடிவுக்கு அவர்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

சரி, உதவி என்று முடிவாகிவிட்டது. அடுத்து எல்லோருக்கும் தோன்றுவது பொருள் வாங்கிப் பெட்டி கட்டுவது. நாங்களும் ஒரு வருடம் ஒரு குடும்பத்துக்குக் கட்டினோம். துணி, போர்வை, பையனுக்கு ஷூ என்று பார்த்துப் பார்த்து வாங்கி, குடும்பமாகப் போய்க் கொடுத்தோம். அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பையன் ஷூவுக்குள் காலை விட்டான், குதிகால் உள்ளே போகவில்லை. "போடப் போட இளகிடும்" என்றார் அவர். நாங்கள் கிளம்பும்வரை அவன் அதைக் கழற்றவில்லை. அளவு என்ன என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஆச்சரியம் போய்விடும் என்று நினைத்தோம். ஆச்சரியம் எங்களுக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது, அவர்களுக்கு இல்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

அதனால் என் ஓட்டு பணத்துக்குத்தான். ஷூவா, வாடகை பாக்கியா, மருந்தா என்பது அந்த வீட்டில் இருப்பவருக்குத் தெரியும். உடனே "பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்று ஒரு குரல் வரும். உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் அலசலில், ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டங்களைப் பற்றிய 19 ஆய்வுகளைப் பார்த்தார்கள். அந்தப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. இன்னொன்று: கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலமான நான்காம் நூற்றாண்டு மைரா நகர ஆயர் புனித நிக்கோலாஸ் பற்றிய கதையை நினைத்துப் பாருங்கள். மூன்று மகள்களை வைத்துக்கொண்டு வழியில்லாமல் தவித்த தகப்பன் வீட்டுக்குள் அவர் இரவோடு இரவாக எறிந்தது பொம்மையை இல்லை, பொன்னை. ஒரே ஒரு குடும்பத்துக்கு, முகம் காட்டாமல்.

பள்ளிக் கட்டணத்தையோ வாடகையையோ நாமே நேராகக் கட்டிவிடுவது இடைப்பட்ட வழி. பணம் போய்ச் சேரும், ஆனால் அவர்கள் கஷ்டம் வீட்டுக்காரருக்கும் பள்ளிக்கும் தெரிந்துவிடும். அவர்களே கேட்டால் ஒழிய நான் செய்யமாட்டேன்.

யாரையும் தெரியாது என்றால் அமைப்பு வழியாகப் போகலாம். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1979-ல் தொடங்கிய 'ஏஞ்சல் ட்ரீ' முறையில் மரத்தில் தொங்கும் அட்டையில் குழந்தையின் தேவை எழுதியிருக்கும், அதனால் அளவுச் சிக்கல் கொஞ்சம் குறையும். 1833-ல் பாரிஸில் தொடங்கிய கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினர் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறவர்கள். எந்தக் குடும்பம் வாய் திறந்து கேட்காது என்பது அப்படிப் போகிறவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் விசாரித்தால் போதும், அப்புறம் பண உறையை அந்தச் சபையினர் கையிலேயே கொடுத்துவிடலாம். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். புகைப்படம் கூடவே கூடாது.

எப்போது கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். டிசம்பரில் உதவ நிறைய பேர் வருவார்கள், பிப்ரவரியில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இந்த முறை பாதியைப் பண்டிகைக்கு முன்பும் மீதியை மார்ச்சிலும் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.