டோக்கியோவின் இரண்டு டிஸ்னி பூங்காக்கள்: 15 வருடம் போய்வந்த அனுபவம்

நாங்கள் குடியிருப்பது நிஷி கசாயில். டோக்கியோவில் இந்தியக் குடும்பங்கள் நிறைய உள்ள பேட்டை. அடுத்த ஸ்டேஷனான கசாயில் 'ஷட்டில் செவன்' பஸ் ஏறினால் நேரே டிஸ்னி வாசலில் இறங்கலாம். 2010 வசந்தத்தில் முதல் தடவை போனபோது மகளுக்கு மூன்று வயது. மூன்று வயது வரை டிக்கெட் கிடையாது. எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கு 5,800 யென். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது போய்க்கொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போவது என் பொறுப்பு. புதிதாக டோக்கியோ வருகிறவர்கள் என்னிடம் கேட்பதும் எப்போதும் அதே மூன்று கேள்விதான்: இரண்டில் எந்தப் பூங்கா, கூட்டம் எப்படி இருக்கும், கொடுக்கிற காசுக்குத் தகுமா. இந்த 15 வருடத்தில் மூன்றுக்குமே என் பதில் மாறிவிட்டது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பெயரில் டோக்கியோ இருந்தாலும் இரண்டு பூங்காக்களும் இருப்பது சிபா மாவட்டத்தின் உராயசு நகரில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில். டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15-ல் திறந்தது. அமெரிக்காவுக்கு வெளியே வந்த முதல் டிஸ்னி பூங்கா அது. டிஸ்னிசீ 2001 செப்டம்பர் 4-ல் வந்தது. இரண்டுக்கும் சொந்தக்காரர் டிஸ்னி இல்லை, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு உரிமத்தொகை கட்டி, தன் பணத்திலேயே கட்டி, தானே நடத்துகிறது. ஒரே மோனோரயில் இரண்டையும் சுற்றி வருகிறது, ஆனால் டிக்கெட் தனித்தனி. கூடப்பிறந்த இரண்டு பேர் ஒரே வீட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது போல, புது முதலீடு இந்த முறை யாருக்கு என்ற போட்டி இரண்டுக்கும் நடுவே எப்போதும் உண்டு.

ஆரம்ப வருடங்களில் எனக்குக் கூட்டமே தெரியவில்லை. மூன்று வயதுக் குழந்தையோடு போகிறவனுக்குப் பெரிய ரைடுகள் எதுவும் கிடையாதே. அப்புறம் 2011 மார்ச் 11. நிலநடுக்கம் வந்த நேரத்தில் இரண்டு பூங்காக்களிலும் சேர்த்துச் சுமார் 70,000 பேர் இருந்தார்கள். கடைகளில் இருந்த பொம்மைகளை ஊழியர்கள் எடுத்துக் கொடுத்துத் தலைக்குக் கவசமாக வைத்துக்கொள்ளச் சொன்னதை அந்த நாட்களில் ஜப்பான் முழுக்கப் பேசினார்கள். ரயில் நின்றுபோனதால் ஏறத்தாழ 20,000 பேர் இரவை உள்ளேயே கழித்தார்கள். உராயசு நகரில் பல இடங்களில் மண் குழைந்து தெருக்கள் புரண்டன. வண்டி நிறுத்துமிடத்தில் கொஞ்சம் சேதம் உண்டு. ஆனால் மண்ணை ஆழம் வரை இறுக்கிவிட்டுக் கட்டிய பூங்காவின் உட்பகுதி தாங்கிவிட்டது. ஏப்ரல் 15-ல், தன் பிறந்தநாளில், டிஸ்னிலேண்ட் திரும்பத் திறந்தது. கூட்டத்தைக் கையாளத் தெரிந்தவர்கள் என்று எனக்கு இவர்கள்மேல் வந்த நம்பிக்கை அப்போது வந்ததுதான்.

2012 ஜூலையில் டிஸ்னிசீயில் 'டாய் ஸ்டோரி மேனியா' ரைடு திறந்தது. 2013-ல் டிஸ்னிலேண்டின் 30-ஆம் ஆண்டு. அந்த நிதியாண்டில் இரண்டுக்கும் சேர்த்து 3 கோடியே 13 லட்சம் பேர் வந்தார்கள். 35-ஆம் ஆண்டு கொண்டாடிய 2018-ல் 3 கோடியே 25 லட்சம். இன்றுவரை அதுதான் உச்சம். அந்த வருடங்களில் காலை வாசல் திறப்பதற்கு முன்பே வரிசை நீண்டிருக்கும். திறந்ததும் குடும்பத்தில் ஒருவர் எல்லாருடைய டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு ஃபாஸ்ட்பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்தில் ரைடு ஏறத் தரும் சீட்டு) எடுக்க விரைவார், மற்றவர்கள் பின்னால் மெல்லப் போவார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

ஃபாஸ்ட்பாஸ் கூட்டத்தைக் குறைத்தது என்று நானும் பல வருடம் நம்பினேன். யோசித்தால் அப்படி இல்லை. ஒரு ரைடில் மணிக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும் என்ற கணக்கு எந்தச் சீட்டாலும் மாறாது. சீட்டு எடுத்தவர் வரிசையில் நிற்காமல் நடைபாதையிலும் கடையிலும் ஓட்டலிலும் நிற்கிறார், அவ்வளவுதான். மெயின் ரோட்டுக் கூட்டம் சந்துக்குள் வந்தது போல. இன்னொன்றையும் கவனித்தேன். கூட்டம் கொஞ்சம் கூடினால் காத்திருப்பும் கொஞ்சம்தான் கூடும் என்று நினைப்போம். ரைடுகள் தாங்கும் அளவை ஒருமுறை தாண்டிவிட்டால் அப்புறம் வருகிற ஒவ்வொருவரும் வரிசையின் வாலில்தான் சேர்கிறார். அந்த வால் மாலை வரை கரையாது. நூறு பேரில் பத்து பேர் குறைந்தால் காத்திருப்பு பாதியாகக்கூடும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் நடந்த எல்லாம் புரியும்.

2017-ல் அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். முழங்கால் வலி. நாங்கள் தேர்ந்தெடுத்தது தொடர் விடுமுறையில் ஒரு நாள். எனக்கு வேறு நாள் லீவு கிடைக்கவில்லை, அந்த முடிவு எங்களுடையது. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது, ஆனால் வாசலுக்கு வெளியே மேஜை போட்ட பிக்னிக் இடம் ஒன்று உண்டு. வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு அதே நாளில் திரும்ப உள்ளே போகலாம். சைவக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மதியம் அணிவகுப்புக்கு வழியோரம் எல்லாரும் விரிப்பு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நிற்பதைப் பார்த்த ஒரு ஜப்பானியப் பாட்டி தன் விரிப்பை மடக்கி இடம் கொடுத்தார். மொழி தெரியாமலே இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்று நாங்கள் ஏறியது மூன்றே ரைடு. அம்மா இன்றும் அந்தப் பாட்டியைத்தான் நினைவு வைத்திருக்கிறார்.

2020 பிப்ரவரி 29-ல் பூங்காக்கள் மூடின. ஜூலை 1-ல் திறந்தபோது தேதி குறித்த டிக்கெட், குறைந்த எண்ணிக்கை. அக்டோபரில் எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' ரைடு அப்போதுதான், செப்டம்பர் 28-ல், திறந்திருந்தது. முகக்கவசம், தரையில் இடைவெளிக் கோடுகள், அணிவகுப்பு கிடையாது. ஆனாலும் பத்து வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தின் நுணுக்கமெல்லாம் கண்ணில் பட்டது. டிஸ்னிசீயின் துறைமுகச் சுவர்களில் கடல்காற்று அரித்தது போலத் தீட்டியிருக்கும் கறை, விளக்குக் கம்பங்களின் வேலைப்பாடு, செயற்கை எரிமலையிலிருந்து வரும் புகை. முன்பெல்லாம் நாங்கள் பார்த்தது முன்னால் நிற்பவரின் முதுகை.

இதை நான் மட்டும் உணரவில்லை போலிருக்கிறது. நோய்த்தொற்று முடிந்த பிறகும் ஒரு நாளைக்கு உள்ளே விடும் உச்ச எண்ணிக்கையைப் பழைய அளவுக்கு ஏற்றப்போவதில்லை என்று ஓரியண்டல் லேண்ட் 2022-ல் தன் திட்டத்திலேயே அறிவித்தது. கணக்கைப் பாருங்கள். 2018-ல் 3 கோடியே 25 லட்சம் பேர், ஆளுக்குச் சராசரிச் செலவு 11,815 யென். 2024-ல் 2 கோடியே 75 லட்சம் பேர், ஆளுக்கு 17,833 யென். அரைக் கோடி பேர் குறைந்தும் வருமானம் கூடிவிட்டது.

இந்த மாற்றத்தால் பூங்காவுக்குள் நாள் நன்றாக இருக்கிறது. இதை மனதாரச் சொல்கிறேன். உட்கார இடம் கிடைக்கிறது, மகன் கேட்டதில் முக்கால்வாசி ஏற முடிகிறது. ஆனால் முன்பு நேரமாகக் கொடுத்ததை இப்போது பணமாகக் கொடுக்கிறோம். 2023 அக்டோபரிலிருந்து பெரியவர் டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை. இன்று எங்கள் வீட்டில் மூன்று பெரியவர், 12 வயதில் ஒருவன். மலிவான நாளில் 30,300 யென், விலை கூடிய நாளில் 41,700. முதல் தடவை நாங்கள் கட்டியது 11,600. 2022 மேயில் வந்த 'பிரீமியர் ஆக்சஸ்' இதற்கு மேல் தனி. ஆப்பில் பணம் கட்டினால் அந்த ரைடில் நீண்ட வரிசை இல்லாமல் ஏறலாம். நான்கு பேருக்கு இரண்டு ரைடுக்கு வாங்கினால் இன்னொரு டிக்கெட் விலைக்கு மேலேயே ஆகிவிடும். எங்களுடைய வழக்கம், ஒரு நாளைக்கு ஒன்று மட்டும், அதையும் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பார்கள்.

எனக்கு உண்மையில் வருத்தமானது வருடாந்தர பாஸ் போனதுதான். 2020-ல் நிறுத்தியது, திரும்ப வரவில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெருக்கோடிப் பூங்கா போல இருந்தது. வேலை முடிந்து ஒரு மாலை போய், ஒரு படகில் சுற்றிவிட்டு வருகிற வயதானவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது அடிக்கடி வந்து குறைவாகச் செலவழிக்கிறவருக்கு இடம் குறையும் என்பது புரிகிறது. வார நாள் மாலைக்கு மட்டுமாவது அப்படி ஒன்றைத் திரும்பக் கொண்டுவரலாம்.

இனி விரிவாக்கம். 2024 ஜூன் 6-ல் டிஸ்னிசீயில் 'ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ்' திறந்தது. எட்டாவது துறைமுகம் (டிஸ்னிசீயில் ஒவ்வொரு பகுதிக்கும் அப்படித்தான் பெயர்), ஹோட்டலோடு சேர்த்துச் சுமார் 14 ஹெக்டேர், செலவு ஏறத்தாழ 32,000 கோடி யென். எல்சா, ரபுன்சல், பீட்டர் பான் என்ற மூன்று டிஸ்னி படக் கதைகளுக்கும் தனித்தனி உலகம். ரபுன்சல் படகில் விளக்குகள் எழும் இடத்தில் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வயதில் வந்தவள், இப்போது 18. ஆரம்பத்தில் அந்தப் பகுதிக்குள் போகவே தனிப் பாஸ் வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் யாரும் நடந்து போய்ப் பார்க்கலாம். நாங்கள் போனது அதற்குப் பிறகு. காத்திருந்தது நல்லதே.

இவ்வளவு கொட்டியதால் எத்தனை பேர் கூடினார்கள்? 2023 நிதியாண்டில் 2,75,07,000 பேர். 2024-ல் 2,75,58,000. வெறும் 51,000 பேர். அந்தக் கோடையில் வெயில் கடுமையாக இருந்து வருகையைக் குறைத்தது என்று நிறுவனமும் சொன்னது. இருந்தாலும், பழைய காலமாக இருந்தால் இப்படி ஒரு திறப்புக்குக் கூட்டம் அலைமோதியிருக்கும். இப்போது அதே எண்ணிக்கையை அதிக இடத்தில் பரப்புகிறார்கள். வருகிறவனுக்கு இதைவிட நல்ல விரிவாக்கம் கிடையாது.

மற்ற ஊர்களில் உள்ள சகோதரி டிஸ்னி பூங்காக்களும் அதே காலத்தில்தான் விரிவாக்கத்தில் இறங்கின. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2023 நவம்பரில் எல்சாவின் உலகத்தைத் திறந்தது. அடுத்த மாதமே ஷாங்காய் 'ஜூடோபியா' பகுதியைத் திறந்தது. ஹாங்காங்கில் அரசுக்குப் பெரும்பங்கு, ஷாங்காயில் உள்ளூர் அரசு நிறுவனத்துக்கு 57 சதவீதம். ஆக ஒரே பெயர் என்றாலும் பணப்பெட்டி வேறுவேறு. விமானத்தில் வருகிற அதே குடும்பத்துக்காக மூன்றும் போட்டி போடுகின்றன. கூட்டப் பாடத்தையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படித்தார்கள். 2006 சீனப் புத்தாண்டில் ஹாங்காங்கில் டிக்கெட் வைத்திருந்தவர்களையே உள்ளே விட முடியாமல், சிலர் வேலி ஏறிய காட்சி உலகமெல்லாம் போனது. எந்த நாளும் செல்லும் டிக்கெட்டின் ஆபத்து அதுதான். ஒசாகாவின் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்கா உடன்பிறப்பு இல்லை, நேர் எதிரி. தீம் என்டர்டெயின்மென்ட் சங்கத்தின் மதிப்பீட்டில் 2023-ல் அங்கே 1.6 கோடி பேர், டோக்கியோ டிஸ்னிலேண்டில் 1.51 கோடி, டிஸ்னிசீயில் 1.24 கோடி. கூட்டம் இல்லாத நாள் வேண்டும் என்பவர்களை நான் ஒசாகாவுக்கு அனுப்புவதில்லை.

இப்போது டிஸ்னிலேண்டின் முறை. 1983-லிருந்து ஓடிய 'ஸ்பேஸ் மவுண்டன்' 2024 ஜூலை 31-ல் நின்றது. 2027-ல் புதிதாக வரும். மகன் 102 சென்டிமீட்டர் அளவுகோலைத் தொட்ட வருடம் முதலில் ஏறியது அதில்தான். மூடுவதற்கு முந்தைய வாரம் அவனும் நானும் மட்டும் போய் ஒருமுறை ஏறிவிட்டு வந்தோம். 'பஸ் லைட்இயர்' ரைடும் 2024 அக்டோபரோடு முடிந்தது, அங்கே 'ரெக்-இட் ரால்ஃப்' வரப்போகிறது. இரண்டு பெரிய ரைடு குறைந்தால் வரிசை மற்றவற்றில்தான் ஏறும். ஆகவே ஒரே நாள் இருக்கிறவர்களுக்கு இப்போதைக்கு என் பதில் டிஸ்னிசீ. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் மட்டும் டிஸ்னிலேண்ட்.

2028 நிதியாண்டில் சுமார் 33,000 கோடி யென்னில் உல்லாசக் கப்பல் விடப்போகிறார்கள். நல்லது. எனக்கு வேண்டியது கரையிலேயே நிழல். ஜூலை, ஆகஸ்டில் திறந்தவெளி வரிசையில் குழந்தையோடு நிற்பது இனி முடியாத காரியம். கூரை, மரம், நீர்த்தூறல் குழாய், உட்கார்ந்தபடி நகரும் வரிசை, இதற்குச் செலவழித்தால் கோடையிலும் நாங்கள் போவோம். இப்போது குடும்பமாக ஜூனுக்கு அப்புறம் அக்டோபர் வரை போவதே இல்லை.

நாள் பார்ப்பவர்களுக்கு: ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ. பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடியும்வரை படிப்பு முடிக்கும் மாணவர்கள் கூட்டம். அம்மா வருகிற ஜனவரியில் மறுபடி வருகிறார். டிஸ்னிசீயில் முழங்கால் வலிக்காரருக்கு ஏற்றது நீராவிப் படகும் கோண்டோலாவும், இரண்டிலும் உட்கார்ந்தே ஊரைப் பார்க்கலாம். டிக்கெட் இரண்டு மாதம் முன்னால்தான் திறக்கும். காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். அம்மா போனில் ஒன்றுதான் கேட்டார், விரிப்பு எடுத்துவர வேண்டுமா, அங்கேயே கிடைக்குமா என்று.