கோடம்பாக்கமா, பாம்பனா? மிக்சிங் பழக எங்கே உட்காருவது

மிக்சிங் என்றால் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகக் கலந்து பாட்டாக்கும் வேலை. அதைப் பழக ஆசைப்படும் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துத் தம்பிகள் என்னிடம் கேட்பது இதுதான்: "அண்ணே, மெட்ராஸ் போய் ஸ்டுடியோவுல அசிஸ்டென்டா சேரவா, இல்ல வீட்டுலயே ரூம் போட்டுரவா?"

கருவியை வைத்து முடிவு செய்யாதீர்கள். லேப்டாப்பும் மென்பொருளும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். அறைதான் வேறு. நம் வீட்டு அறை பத்துக்குப் பத்து. அந்த அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள பேஸ், அதாவது அடிக்குரல் ஒலி, சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே தேங்கி நிற்கும். நடு அறையில் அந்த பேஸ் காதுக்கே எட்டாது. சுவரோரம் போனால் குமுறும். இது தெரியாமல் என் முதல் மாதா பாட்டில் பேஸைக் கூட்டிக்கொண்டே போனேன். கொடியேற்றத்தன்று பெரிய பாக்ஸில் போட்டார்கள். பாடிய பிள்ளையின் குரலே முங்கிப்போனது. இன்றும் அது உறுத்துகிறது. நல்ல ஸ்டுடியோ அறையை இதற்கென்றே பார்த்துக் கட்டியிருப்பார்கள். அதைவிடப் பெரிது, "குரல் எங்கடா?" என்று கேட்கப் பக்கத்தில் ஒரு சீனியர் இருப்பார்.

ஆனால் அங்கே முதல் வருடம் கேபிள் சுற்றுவதிலும் ஃபைலுக்குப் பெயர் போடுவதிலும் போய்விடலாம். கையில் வருவது வாடகைக்கே சரியாக இருக்கும். இங்கே முதல் வாரமே முழுப் பாட்டும் உங்கள் கையில். முளைப்பாரிப் பாட்டு, தர்கா பாட்டு, சர்ச் பாட்டு என்று வேலை வந்துகொண்டிருக்கும். கடலில் வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு தெரிந்த பெரியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். பதிந்ததை வெளியூருக்கு நெட்டில் அனுப்புவதும் கஷ்டமில்லை: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் 40 மோனோ ட்ராக் (தனித்தனியாகப் பதிந்த குரல், கருவிகள்), நாலு நிமிடப் பாட்டு என்றால் சுமார் 1.4 ஜிபி, ராத்திரி ஏற்றிவிட்டுத் தூங்கலாம். உப்புக்காற்றுக்கு மட்டும் பயப்படுங்கள். கேபிள் முனை பச்சை பூக்கும், ஈரம் ஏறினால் கண்டென்சர் மைக் சடசடக்கும்; சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

ஏ.ஆர்.ரகுமானும் வீட்டில்தானே ஸ்டுடியோ போட்டார் என்பார்கள். உண்மைதான், 1989இல். ஆனால் அதற்கு முன் பல வருடம் மற்றவர்களின் ரெக்கார்டிங்கில் கீபோர்டு வாசித்தவர் அவர்.

பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித்தர ஆள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ரயில் ஏறுங்கள். ஆள் இல்லாமல் மெட்ராஸ் என்ற பெயருக்காகப் போகவேண்டாம். இங்கேயே இருப்பதென்றால், இன்றைக்கே நாற்காலியை நடு அறையிலிருந்து நகர்த்தி, நீங்கள் பார்த்து உட்காரும் முன்சுவரிலிருந்து நாலடியில் போடுங்கள்.