கலோரியா, கூடையா, கழிப்பறையா?

2011 செப்டம்பரில் மத்திய திட்டக் குழு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு நகரத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய்: அதற்கு மேல் செலவழிப்பவர் ஏழை அல்லர். ஊரே கொதித்தது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று துருவியவர்கள் குறைவு.

வறுமைக் கோட்டுக்கான 1979இன் கணக்கு நேரடியானது. நாளுக்குக் கிராமத்தில் 2,400, நகரத்தில் 2,100 கலோரி உண்பவர்கள் மொத்தம் எவ்வளவு செலவழிக்கிறார்களோ, அதுவே வறுமைக் கோடு. பிறகு விலைவாசியை மட்டும் ஏற்றிக்கொண்டே போனார்கள்.

2009இல், வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழு கலோரியைக் கைவிட்டு, கல்வி, மருத்துவச் செலவுகளையும் கணக்கில் எடுத்தது. ஆனால் பழைய முறை சொன்ன நகர்ப்புற வறுமையான 25.7 சதவீதத்தைச் சரி என்றே வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டில் நிற்கும் நகரவாசி வாங்கும் பொருட்களின் கூடையை நாட்டுக்கே அளவாக்கியது. வீட்டை இடித்துவிட்டு, அதே அஸ்திவாரத்தின் மேல் கட்டிய கதைதான். அந்த 32 ரூபாய் இதன் வாரிசு.

2014இல் ரங்கராஜன் குழு புரதம், கொழுப்பு வரை பார்த்தது. டெண்டுல்கர் முறையில் நகரத்தில் ஆளுக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த கோடு 1,407 ஆனது. 2011-12க்கான இந்திய வறுமை 21.9 சதவீதத்திலிருந்து 29.5 ஆயிற்று, தமிழ்நாட்டில் 11.3 என்பது 22.4 ஆயிற்று. ஒரே ஆண்டு, அதே மக்கள்!

நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடு பணத்தையே பார்ப்பதில்லை. சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத்தரம் மூன்றுக்கும் சம எடை. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு குறை இருந்தால் ஏழை. வாழ்க்கைத்தரத்தில் ஏழு அம்சங்கள்; ஒவ்வொன்றும் மொத்தத்தில் 21இல் ஒரு பங்கு. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: விறகடுப்பு, மண் தரை, கழிப்பறை இல்லை, மின்சாரம் இல்லை, நல்ல குடிநீர் இல்லை, சைக்கிள்கூட இல்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், உடம்புக்கும் குறையில்லை. வங்கிக் கணக்கு மட்டும் இருக்கிறது. குறைக்கான மதிப்பெண் 21க்கு 6; ஏழை எனத் தேவை 7. இவர்கள் ஏழைகள் அல்லர்! அரிசி விலை இரட்டிப்பானாலும் இந்த எண் உடனே அசையாது.

எந்த மாவட்டத்தில் கழிப்பறை கட்டுவது, எங்கே குழாய் போடுவது என்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை. 2019-21இல் தமிழ்நாடு 2.2, பீகார் 33.8 சதவீதம் என்று அது காட்டும் இடைவெளியும் பொய்யில்லை. கையில் காசு இருக்கிறதா என்று கேட்டால் என் ஓட்டு ரங்கராஜனுக்கே. அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பும், தரம் சரியில்லை என்று வெளியிடப்படாமலே நின்றது. அடுத்தது நடந்தது 2022-23இல்தான். இடைப்பட்ட பத்தாண்டில் எந்தக் கோட்டை நம்பினாலும், அதன் கீழே தலைகளை எண்ணப் புதிய கணக்கு கையில் இருக்கவில்லை.