காரைக்குடிக் கரிக்கடை: விலை கூடுதல், ஆனாலும் இங்கேதான் வாங்குவேன்

கழனிவாசல் போகிற வழியில் போர்டு இல்லாத ஒரு அடுப்புக்கரிக் கடை, வாசலில் தராசும் சல்லடையும் கிடக்கும். கிலோவுக்கு ரெண்டு மூணு ரூபாய் கூடத்தான். ஆனால் சலித்து, தூளைக் கழித்து, எடை போட்டுத் தருகிறார்கள். முன்பு வேறொரு இடத்தில் மூட்டையாக வாங்கியபோது அடியில் முக்கால்வாசி ஈரத்தூள், தண்ணீருக்கும் சேர்த்துக் காசு அழுதேன்.

இந்தக் கடையில் பார்க்க வேண்டியது பின்னால் இருக்கும் கிட்டங்கியைத்தான். விறகை மூடிச் சுட்டுக் கரியாக்கும் மூட்டத்திலிருந்து வந்த புதுக்கரியை நேரே அடுக்குவதில்லை, ஒரு நாளாவது வெளியில் பரப்பி ஆறவிட்டு, கை வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறது. புதுக்கரி ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும். பெருங்குவியலாகப் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும், தூள் இருந்தால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் தூளுக்குத் தனி இடம், மூட்டை வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்க இடைவெளி.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்டால் கடைக்காரப் பெரியவர் யுத்த காலத்துக்குப் போய்விடுகிறார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்ததும் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் ஓட்டினார்களே, அந்த பஸ்களுக்கு இவர் அப்பா கரி போட்டவராம். "ஈரக்கரி போட்டா வண்டி மேடு ஏறாது தம்பி, தூள் போனா எஞ்சினே போச்சு" என்றார். கரியைக் காயவைத்து, சலித்துக் கொடுக்காவிட்டால் பஸ் வழியிலேயே நின்றுவிடும், அந்தப் பழக்கம் இன்றும் இந்தக் கடையில் ஓடுகிறது.

பஸ்ஸை ஓட்டிய அந்த வாயுவில் எரிகிற சரக்கு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடு. வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்வதும் அதுதான். மழைக்காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கரி அடுப்பு வைக்கிறவர்களிடம் பெரியவர் நேரடியாகத் திட்டிவிட்டுத்தான் விற்கிறார், எனக்கு அது பிடித்திருந்தது.

குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள், அவசரப்பட்டால் பெரியவர் முகம் கொடுக்கமாட்டார், முகூர்த்த நாள் நெருங்கினால் சமையல்காரர்களுக்குத்தான் முதல் மரியாதை. ஜிபே கிடையாது. சில்லறையும் நல்ல சாக்கும் நீங்களே கொண்டுபோங்கள்.